மூணாவது ஓலை

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, வருஷம் சரியா ஞாபகம் இல்ல. ஆனா ஊரு ஆம்பூர், மாசம் சித்திரை, எனக்கு வயசு பத்தொன்பது. இது மூணும் மறக்கல. வேலூர்ல டீச்சர் டிரெய்னிங் முடிச்சிட்டு டிரங்குப் பொட்டியோட வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும். வெயில் வேற மண்டையைப் பொளக்குது. எங்க பக்கத்து வெயிலை வெளியூர்க்காரங்க கேலி பேசுவாங்க. ஒரு நாள் செருப்பில்லாம நடந்துட்டு அப்புறம் பேசட்டும்.

நான் பொறந்ததுலேர்ந்தே கொஞ்சம் வாய்க்காரி. எண்பது தாண்டியும் அது குறையல, எங்க வீட்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. அப்படிப்பட்டவளே ஒரு நாள் அத்தனை பேரு நடுவுல எழுந்து நின்னு, வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராம தவிச்சேன். அந்தக் கதையைத்தான் சொல்றேன்.

எங்க அப்பா தோல் ஷாப்புல வேலை பாத்தாரு. பதம் போட்டு வந்த ஆட்டுத்தோலை ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்து ரகம் பிரிச்சி, முத்திரை குத்துற வேலை. ஃபர்ஸ்டு, செகண்டு, தேர்டு, அதுக்கும் கீழ போனா ரிஜெக்டு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்காது. அம்மா புடவை முந்தானை, சந்தையில வாங்கின முருங்கைக்காய், பக்கத்து வீட்டுக் கொழந்தையோட காது மடல், எது கிடைச்சாலும் நிமிண்டிப் பாத்து ரகம் சொல்லுவாரு. ஒரு நாள் அம்மா வச்ச ரசத்தை "ரிஜெக்டு"ன்னுட்டாரு. அன்னிக்கி அவருக்கு மோர்சாதம்தான், அதுவும் அவரே பிசைஞ்சிக்கிட்டது.

அந்த வருஷம் ஷாப்புல நிலைமை சரியில்ல. சீமைக்குப் போற சரக்கு கம்மியாயிடுச்சி. மாசா மாசம் யாரையாவது வீட்டுக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்க. யாரை அனுப்புறதுங்கறது மேனேஜர் கையில. அவரும் எங்க சபைக்காரருதான். ஞாயித்துக்கிழமை அவரு கோட்டு போட்டுக்கிட்டு முன்வரிசையில வந்து உக்காந்தா, அப்பாவுக்கு ஜெபத்துல மனசு போகாது, அவரு முதுகையே பாத்துக்கிட்டிருப்பாரு. வீட்டுலயும் தினம் பேஜாரு. "பேரணாம்பட்டுல இல்லாத ஷாப்பா? அங்க போய்டலாம்"னு அம்மா சொல்லுவாங்க. "இந்த ஊரை வுட்டு நான் நகர மாட்டேன்"னு அப்பா கத்துவாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தட்டை எடுத்துக்கிட்டு கொல்லைப் பக்கம் போய்டுவேன்.

இது போதாதுன்னு வெளியிலயும் அப்பாவுக்கு ஒரு சண்டை. அதை ஊரே பலாப்பழச் சண்டைன்னு சொல்லும். எங்க கோயில்ல, சர்ச்சைத்தான் நாங்க கோயில்னு சொல்லுவோம், அறுப்புப் பண்டிகை அன்னிக்கி, அவங்கவங்க வீட்ல விளைஞ்சது, வளத்தது, சுட்டது எல்லாம் கொண்டாந்து வச்சி ஏலம் வுடுவாங்க. காசு கோயிலுக்குப் போவுது. அதனால ஒரு பூசணிக்காயை எந்த உசரத்துக்கு ஏத்துறோமோ அவ்வளவு கௌரவம். ஒரு வருஷம் ஏலகிரியிலேர்ந்து யாரோ ஒரு பலாப்பழம் கொண்டாந்தாங்க. எங்க அப்பாவும், அவரோட உயிர் தோஸ்த்து ஒருத்தரும் வீம்புக்கு ஏத்திக்கிட்டே போனாங்க. உச்சத்துல போய் அப்பா வாயை மூடிட்டாரு. பழம் தோஸ்த்து தலையில விழுந்திச்சி. அறுத்துப் பாத்தா பாதிக்குப் பாதி அழுகல். "வேணும்னே ஏத்திவுட்டு மாட்டிவுட்டுட்டான்"னு அவரு. "ஆசைப்பட்டவன் அனுபவிக்கணும்"னு இவரு. அன்னியோட போச்சு தோஸ்த்து. அப்புறம் சபைக் கமிட்டியில அப்பா ஜன்னலுக்குப் பச்சை பெயின்ட்டுன்னா அவரு நீலம்பாரு. அப்பா சாயங்காலம் கூட்டம்னா அவரு காலையிலம்பாரு. வருஷக்கணக்கா இப்படியே ஓடுச்சி.

அந்தப் பலாப்பழக்காரரோட மூத்த பையன்தான் அந்தக் கோடையில எங்க சபை சின்னப் புள்ளைங்களோட விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆர்மோனியம் வாசிக்க வந்தாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கும் அவருதான். வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில லேப் வேலை கத்துக்கிட்டிருந்தவரு, லீவுல வந்திருந்தாரு. பாட்டு சொல்லிக் குடுக்கிறது நானு. டிரெய்னிங் முடிச்சவளாச்சேன்னு ஐயர் என் தலையில கட்டிட்டாரு. எங்க பாதிரியாரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்.

மொத நாளே சண்டை. "டீச்சர், நீங்க பாடுற சுருதிக்கு என் பொட்டியில கட்டையே இல்ல"ன்னாரு. புள்ளைங்க எல்லாம் சிரிக்குது.

"அப்ப நல்ல பொட்டியா பாத்து கொண்டாங்க"ன்னேன்.

மறுநாள் வந்து, பொட்டியைத் தொறந்து நான் பாடுற சுருதிக்கே வாசிச்சாரு. ராத்திரி முழுக்க உக்காந்து பழகியிருப்பாரு போல, கண்ணு செவந்திருந்திச்சி. அதைப் பாத்து எனக்குப் பாவமா இருந்திச்சி. பாவம்தான்னு ரெண்டு நாள் என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்.

கோயில்லேர்ந்து எங்க வீட்டுக்கு வர்ற வழியில ரயில்வே கேட்டு. அவரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வருவாரு, நான் புள்ளைங்களை முன்னாடி வுட்டுட்டு பின்னாடி வருவேன். கேட்டு போட்டிருந்தா எல்லாரும் நின்னுதான் ஆவணும், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பாசஞ்சர் வண்டின்னா சட்டுனு போய்டும். கூட்ஸ் வண்டின்னா எங்க ரெண்டு பேருக்கும் கொண்டாட்டம். அந்தத் தடதட சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூட நாங்க பேசுறது கேக்காது. ஒரு நாள் ரொம்ப நீளமா ஒரு கூட்ஸ் வந்திச்சி. அது பாதி போற நேரத்துல, தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே, "உங்களத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன்"னாரு. எனக்கு நல்லாவே காதுல விழுந்திச்சி. விழாத மாதிரி "இன்னா?"ன்னேன். அதுக்குள்ள கடைசிப் பொட்டி போய்டுச்சி, ஊரே நிசப்தம். மனுசன் மொகம் செவந்து, "வெயில் ஜாஸ்தின்னேன்"னாரு. வீடு வரைக்கும் சிரிச்சிக்கிட்டே போனேன்.

இப்ப ஓலை கதைக்கு வர்றேன். எங்க கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன்னாடி, மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிப்பாங்க. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், இதுக்கு யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு ஐயர் சபை முன்னாடி கேப்பாரு. கேட்டுட்டு மூச்சு வாங்காம அடுத்த அறிவிப்புக்குப் போய்டுவாரு. ஏன்னா அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவங்க எங்க ஊர்ல யாருமில்ல. இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பொண்ணுக்கு ஓலை வாசிக்கிறாங்களோ அந்தப் பொண்ணு அன்னிக்கி கோயிலுக்கு வரக்கூடாது. வெக்கமாம். வீட்ல உக்காந்து பருப்பு வேக வைக்கணும்.

வேதாகமப் பள்ளி முடியிற ஞாயித்துக்கிழமை. புள்ளைங்க சபை முன்னாடி பாடணும். காலையில அம்மா, "நீ இன்னிக்கி வர வேணாம். சமையலைப் பாத்துக்கோ"ன்னாங்க. என் மொகத்தைப் பாக்காமலே சொன்னாங்க. "புள்ளைங்க பாட வேணாமா?"ன்னேன். "அதெல்லாம் பாடிக்கும்"னுட்டு அப்பாவோட கெளம்பிட்டாங்க. எனக்குப் பொறுக்கல. ரெண்டு வாரம் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் குடுத்தது நானு. பருப்பை இறக்கி வச்சிட்டு, கோயில் பக்கவாசல் வழியா பூந்து, ஆர்மோனியத்துக்குப் பின்னாடி புள்ளைங்க நடுவுல உக்காந்துட்டேன். அப்பாவும் அம்மாவும் பாக்கல.

ஐயர் ஓலை வாசிச்சாரு. பம்பாய்ல வேலை பாக்கிற ஒருத்தரு பேரு, அவங்க அப்பா பேரு. அப்புறம் எங்க அப்பா பேரு. அப்புறம் என் பேரு.

எனக்கு ஒண்ணும் விளங்கல. ஏதோ வேற யாரோ என் பேருல இருக்காங்கன்னுதான் நெனச்சேன். பக்கத்துல இருந்த ஒரு வாண்டு, "டீச்சர்! உங்க பேரு!"ன்னு கோயிலே கேக்குற மாதிரி கத்திச்சி. சபை மொத்தமும் திரும்பிச்சி. பெண்கள் பக்கத்துலேர்ந்து அம்மா என்னைப் பாத்துட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அடுத்து புள்ளைங்க பாட்டு. எழுந்து நின்னு கையை ஆட்டிப் பாட வச்சேன். கை மட்டும்தான் ஆடுச்சி, நான் அங்க இல்ல. ஆர்மோனியம் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் தப்புத் தப்பா வாசிச்சிது. அந்த மனுசனும் அங்க இல்ல போல.

வீட்ல வந்து நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு சாயபு அண்ணன் ஓடி வந்து, "இன்னாம்மா, பாம்பா?"ன்னு கேட்டாரு. "பாம்பு இல்லண்ணே, பம்பாய்"னு சொல்லி அனுப்பிட்டு மறுபடி கத்தினேன். அப்பா முதல்ல கோவப்பட்டாரு. அப்புறம் உக்காந்துட்டாரு. மாப்பிள்ளை மேனேஜரோட அக்கா மகனாம். மேனேஜரே கூப்பிட்டு, "உம் பொண்ணை எங்களுக்குக் குடு. சொந்தம் ஆயிட்டா அப்புறம் உன்னை ஷாப்புல யாரு அசைக்கிறது?"ன்னு கேட்டிருக்காரு. அப்பா அங்கயே தலையாட்டிட்டாரு. "நான் வாக்குக் குடுத்துட்டேம்மா. இந்த வயசுல என்னை வெளிய அனுப்பிட்டா நான் எங்க போவேன்?"ன்னாரு. அவரு குரல் அப்படி ஒடைஞ்சி நான் கேட்டதே இல்ல. என் கோவமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில அடங்கிப் போச்சு. அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. கோவம் இருந்தா சண்டை போடலாம். பயந்து போயிருக்கிற அப்பாகிட்ட இன்னா சண்டை போடுறது?

அடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகல. வீட்ல அடுப்பு முன்னாடி உக்காந்து கோயில் மணியைக் கேட்டுக்கிட்டிருந்தேன். இந்நேரம் என் பேரை வாசிப்பாரு, இந்நேரம் கேள்வியைக் கேப்பாரு, இந்நேரம் அடுத்த அறிவிப்புக்குப் போயிருப்பாருன்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்திச்சி. என்னைப் பத்தி ஊரு முழுக்க உக்காந்து கேக்குது, நான் மட்டும் அங்க இல்ல. அப்படி ஒரு அவமானம் அதுக்கு முன்னாடியும் பட்டதில்ல, பின்னாடியும் படல. பருப்பு அடிப்பிடிச்சிப் போச்சு.

அந்த வாரம் கேட்டுல ஆர்மோனியக்காரரைப் பாத்தேன். எனக்காகவே காத்துக்கிட்டு நின்னிருக்காரு. கூட்ஸ் வர்ற வரைக்கும் பொறுக்கல, அவ்வளவு பேரு முன்னாடியே பேசினாரு. "வர்ற ஞாயித்துக்கிழமை ஐயர் கேக்கும்போது நான் எழுந்திருக்கிறேன். நான் கட்டிக்கிறேன்னு சொல்றேன். எங்க அப்பா வெட்டினாலும் சரி."

கேக்க நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா எனக்கு அது சரியாப் படல. "வேணாம்"னேன். "நீங்க எழுந்தா இது பலாப்பழச் சண்டை ஆயிடும். உங்க அப்பாவும் எங்க அப்பாவும் கோயில்லயே கட்டிப் புரளுவாங்க. அங்க வாசிக்கிறது என் பேரு. எழுந்திருக்கிறதுன்னா நான்தான் எழுந்திருக்கணும். நீங்க உக்காந்த எடத்தை வுட்டு அசையக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"அப்ப நீங்க எழுந்திருப்பீங்களா?"

"தெரியல"ன்னேன். உண்மையிலயே தெரியல. எழுந்தா அப்பா வேலை போவும். எழுந்திருக்கலன்னா நான் போய்டுவேன். மனுசன் பாவம், ஆர்மோனியத்து மேல சத்தியம் பண்ணிக் குடுத்தாரு.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலைலேர்ந்து வரும்போது மாம்பழம் வாங்கிட்டு வந்தாரு. என்னைச் சமாதானம் பண்ணத்தான். கூடையிலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்து நிமிண்டிப் பாத்து, "இது ஃபர்ஸ்டு, இது உனக்கு"ன்னு என் பக்கம் நகத்தி வச்சாரு. அந்த விரலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். என்ன நெனச்சிக் கேட்டேனோ தெரியல. கோவமா கேக்கல, சாதாரணமாத்தான் கேட்டேன்.

"அப்பா, ஒரு ஆட்டுத்தோலைக்கூட நீங்க தொட்டுப் பாக்காம முத்திரை குத்த மாட்டீங்க. முதலாளியே வந்து நின்னு சொன்னாலும் குத்த மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. அந்தப் பம்பாய் மாப்பிள்ளையை நீங்க ஒரு தடவையாவது பாத்தீங்களா? ஒரு போட்டோவாவது?"

அப்பா கையில இருந்த மாம்பழம் அப்படியே நின்னுச்சி. அம்மா அடுப்பங்கரையிலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. அப்பா மாம்பழத்தைக் கூடையில வச்சிட்டு எழுந்து போய் வாசல்ல நின்னாரு. அன்னிக்கி எங்க வீட்ல யாரும் மாம்பழம் சாப்பிடல.

மறுநாள் காலையில அம்மா என்னோட வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டு மடிச்சி கட்டில் மேல வச்சிருந்தாங்க. "கட்டிக்கிட்டு கெளம்பு. மணி அடிக்கப் போறாங்க"ன்னாங்க. நான் அவங்களையே பாத்தேன். "எனக்கு ஓலை வாசிச்சப்ப நான் இதே மாதிரி பருப்பு வேக வச்சிக்கிட்டுதான் இருந்தேன். உங்கப்பன் நல்லவரா அமைஞ்சது என் அதிர்ஷ்டம். எல்லாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்குமா?"ன்னாங்க. அப்பா எங்களுக்கு முன்னாடியே கெளம்பிப் போயிருந்தாரு.

பெண்கள் பக்கத்துல அம்மா பக்கத்துல உக்காந்தேன். ஓலை வாசிக்கிற பொண்ணு நேருல வந்து உக்காந்திருக்கான்னு ஒரே குசுகுசு. நான் எதையும் கேக்கல. என் யோசனையெல்லாம் ஒண்ணுதான். ஐயர் கேள்வி கேட்டுட்டு நிறுத்த மாட்டாரு. அவரு அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள எழுந்திருக்கணும். வுட்டா வுட்டதுதான், இது மூணாவது ஓலை.

அவரு என் பேரைச் சொன்னாரு. கேள்விக்கு வந்தாரு. கேள்வி முடியறதுக்கு முன்னாடியே நான் எழுந்து நின்னுட்டேன்.

எழுந்து நின்னுட்டேனே தவிர, வாய் தொறக்கல. எங்க போச்சோ அத்தனை வாயும்! ஐயர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாக்குறாரு. அவருக்கும் இன்னா செய்யறதுன்னு தெரியல, பாவம், இதுவரைக்கும் யாரும் எழுந்ததில்ல இல்ல. அந்நேரம் பாத்து ஆர்மோனியம் "ஙொய்ங்"னு ஒரு கத்து கத்திச்சி. சத்தியத்தைக் காப்பாத்துறேன்னு எடத்தை வுட்டு எழுந்திருக்காம, கட்டை மேலயே முழங்கையை ஊணிட்டாரு மனுசன்.

மேனேஜர் திரும்பி, "இன்னாய்யா இது, உம் பொண்ணை உக்காரச் சொல்லு"ன்னு ஆண்கள் பக்கம் பாத்து அதட்டினாரு. உக்காந்துடலாம்னு முந்தானையைச் சேத்துப் புடிச்சேன்.

அப்ப ஆண்கள் பக்கத்துல எங்க அப்பா எழுந்தாரு.

என்னை அதட்டி உக்கார வைக்கத்தான் எழுந்தாருன்னு நெனச்சேன். சபையும் அப்படித்தான் நெனச்சிது. அவரு என்னைப் பாக்கல. ஐயரைப் பாத்தாரு. தோல் ஷாப்புக்குப் போட்டுட்டுப் போற அதே சட்டைதான், தொவைச்சாலும், தோலை ஊறப் போடுற ஆவாரம்பட்டை வாசனை போகாத சட்டை. அதை ஒரு தடவை இழுத்து வுட்டுக்கிட்டாரு.

"ஐயரே, தடை இருக்குது. நான் தொட்டுப் பாக்காம முத்திரை குத்திட்டேன். பொண்ணுக்கு இஷ்டமான்னு கேக்கல. பையனையும் பாக்கல. என் வேலைக்குப் பயந்து பண்ணிட்டேன். என் தொழில்ல இப்படி ஒரு நாள் பண்ணதில்ல, என் பொண்ணு விஷயத்துல பண்ணிட்டேன். இந்த ஓலையை நிறுத்திடுங்க."

சபை கொந்தளிச்சிப் போச்சு. "பொட்டைப் புள்ளை பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆடுறான்"னு ஒருத்தரு. "மூணாவது ஓலையில வந்து நிறுத்துறதா?"ன்னு இன்னொருத்தரு. அந்தக் களேபரத்துல பலாப்பழக்காரரு எழுந்தாரு. அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்பா எதைச் சொன்னாலும் எதுத்து நிக்கிறவராச்சே.

"ஐயரே, இந்தாளு சொல்ற எதையும் இத்தனை வருஷமா நான் ஒத்துக்கிட்டதில்ல. இவனே எல்லாத்துக்கும் சாட்சி"ன்னாரு. தொண்டையைக் கனைச்சாரு. "இன்னிக்கி ஒத்துக்கிறேன்"னு சொல்லிட்டு டக்குனு உக்காந்துட்டாரு. ஏதோ ஒரு பல்லைப் புடுங்கிக் குடுத்த மாதிரி மொகத்தை வச்சிக்கிட்டாரு. யாரோ ஒருத்தரு களுக்குன்னு சிரிச்சாங்க. அப்புறம் எதுத்துப் பேச யாருக்கும் வேகம் வரல. ஐயர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, அந்த ஓலையை எடுத்து மடிச்சி வேதப் புத்தகத்துக்கு அடியில வச்சாரு.

வெளிய வந்ததும் மேனேஜர் அப்பாகிட்ட, "நாளைக்கு நீ வர வேணாம்"னாரு. அப்பா "சரிங்க"ன்னாரு. அவ்வளவுதான். அழுகலையும் பழத்தையும் பிரிச்ச மாதிரி அவ்வளவு தெளிவா சொன்னாரு. வீட்டுக்குத் திரும்புற வழியில கேட்டு போட்டிருந்திச்சி. அம்மா, அப்பா, நான், மூணு பேரும் வெயில்ல நின்னோம். எனக்கு அழுகையா வந்திச்சி. "என்னாலதாம்பா உங்க வேலை..."ன்னு ஆரம்பிச்சேன். அப்பா கையை நீட்டி, பக்கத்து வீட்டுக் கொழந்தைக்குப் பண்ற மாதிரியே, என் காது மடலைக் கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் நிமிண்டிப் பாத்தாரு.

"ஃபர்ஸ்டு"ன்னாரு.

என்னைப் பெத்ததுலேர்ந்து அவரு எனக்கு ரகம் சொன்னது அன்னிக்கித்தான். அம்மா, "அதை இன்னிக்கித்தான் கண்டுபிடிச்சீங்களாக்கும்"னு மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க கண்ணும் ஈரமாத்தான் இருந்திச்சி. எங்க அப்பாவை நெனச்சி அப்படி ஒரு பெருமை எனக்கு. வேலையையும் ஊரு மரியாதையையும் ஒரே மூச்சுல வுட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி கேட்டு எப்ப தொறப்பாங்கன்னு பாத்துக்கிட்டு நின்ன மனுசன் அவரு.

அடுத்து வந்த மாசங்கள் லேசா இல்ல. ரிசல்ட் வந்திச்சி, பாஸ். கணியம்பாடிப் பக்கம் ஒரு ஊரு ஸ்கூல்ல வேலை கிடைச்சிது. அப்பாவுக்கு வேற எடம் அமையற வரைக்கும் எங்க வீட்டு அடுப்பு என் சம்பளத்துல எரிஞ்சிது. அதைச் சொல்லிக்கிறதுல எனக்கு இன்னிக்கும் நெஞ்சு நிமிருது, மறைக்க மாட்டேன். கடைசியில அப்பா எங்க போனாருங்கிறீங்க? பேரணாம்பட்டுக்குத்தான். அங்க ஒரு ஷாப்புல கூப்பிட்டு வேலை குடுத்தாங்க. "நான் அப்பவே சொன்னேன்"னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அந்தப் பம்பாய் மாப்பிள்ளையையும் யாரும் ஒரு வார்த்தை கேக்கலையாம். ஓலை நின்னுச்சின்னு கேட்டதும் அப்பாடான்னு மூச்சு வுட்டாருன்னு பின்னாடி தெரிஞ்சிது.

ரெண்டு வருஷம் கழிச்சி, ஆர்மோனியக்காரரு லேப் வேலையில சேந்த பிறகு, தன்னோட அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னாரு. பலாப்பழக்காரரு குதிச்சாராம். "அன்னிக்கி நான் ஒத்துக்கிட்டது இதுக்கா!"ன்னு நாலு நாள் சோறு திங்கலையாம். அஞ்சாம் நாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. தோள்ல ஒரு பலாப்பழம். "பொண்ணு கேக்க வந்திருக்கேன். இதை மொதல்ல தொட்டுப் பாத்துச் சொல்லு. அழுகல்னா இப்பவே சொல்லிடு, அப்புறம் என்னை ஏமாத்தாதே"ன்னாரு அப்பாகிட்ட. அப்பா பழத்தைச் சுத்திச் சுத்தி நிமிண்டிப் பாத்தாரு. அப்புறம் என்கிட்ட திரும்பினாரு. "பையன் எப்படிம்மா?"ன்னு கேட்டாரு. "தொட்டுப் பாக்கல, ஆனா ஃபர்ஸ்டுதாம்பா"ன்னேன். எனக்கே வெக்கமாப் போச்சு. ரெண்டு கிழமும் அப்படி சிரிச்சதை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

எங்களுக்கு ஓலை வாசிச்ச மூணு ஞாயிறும் நான் முதல் வரிசையில போய் உக்காந்தேன். யாருக்கு இன்னா பேசணுமோ பேசிக்கட்டும்னு வுட்டுட்டேன். மூணாவது தடவை ஐயர் கேள்வியைக் கேட்டாரு. கேட்டுட்டு அடுத்த வரிக்குப் போகல. கண்ணாடியைக் கழட்டி, நேரா என்னைப் பாத்துக்கிட்டு, காத்துக்கிட்டு நின்னாரு. நான் தலையை ஆட்டி, இல்லைங்கன்னேன். சபை மொத்தமும் சிரிச்சிது. ஆர்மோனியம் மட்டும் அன்னிக்கி ஒழுங்கா வாசிச்சிது.

அதுக்கப்புறம் எங்க கோயில்ல எந்தப் பொண்ணுக்கு ஓலை வாசிச்சாலும், அந்தக் கேள்விக்குப் பின்னால ஐயர் கொஞ்சம் நிறுத்தித்தான் அடுத்த வரிக்குப் போவாரு. அவருக்குப் பின்னாடி வந்த ஐயருங்களும் எதுக்குன்னு தெரியாமலே நிறுத்துறாங்க. பேத்திங்க கல்யாணத்துக்கெல்லாம் ஓலை வாசிக்கும்போது அந்தச் சின்ன மௌனம் வரும். அப்ப எனக்கு, வாயடைச்சி நின்ன அந்தப் பத்தொன்பது வயசுப் பொண்ணும், ஆண்கள் பக்கத்துல சட்டையை இழுத்து வுட்டுக்கிட்டு எழுந்த எங்க அப்பாவும் இன்னும் அந்த எடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும்.